விபூதி போட்டுத் துலக்கிய நகரம்

வயதான காலத்தில் வெளிநாடு போய் வந்தவர்களின் கட்டுரைகளில் பாலங்களும் பூங்காக்களும் நிறைய வரும். என்னுடையதில் ஒரு வெள்ளிக் காசுதான் வரும். அந்தக் காசை நான் கெடுத்தேன். ஜெர்மனிக்குப் போனதே அதை உரியவரிடம் சேர்க்கத்தான் என்பதால், கெடுத்ததை மறைத்துவிட்டுப் பயணத்தை மட்டும் எழுத எனக்கு வழியில்லை.

காசு யூர்கனுடையது. திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து ஆசிரமத்துக்குப் பின்பக்கம் போகும் சந்தில், ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தவர். அவருடைய ஊர் நியூரம்பெர்க். அங்கே டிராம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றார். முதலில் குளிர்காலத்துக்கு மட்டும் வந்தார், பிறகு கோடையிலும் தங்கிவிட்டார். நான் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மாலையில் இருவரும் மல்லிகாவின் டீக்கடை பெஞ்சில் உட்காருவோம். பேச்சு கம்மி. அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காசை எடுத்து, கட்டை விரலால் எப்போதும் ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருப்பார்.

உள்ளங்கையில் பாதியை அடைக்கும் பெரிய காசு. ஒரு பக்கம் இரண்டு தலைக் கழுகு. மறுபக்கம் ராஜா முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊர்: மதில், மதிலுக்கு மேலே கூரைகள், இரட்டைக் கோபுரத் தேவாலயங்கள், மேட்டில் ஒரு கோட்டை, எல்லாவற்றுக்கும் மேலே கதிர் விரிக்கும் சூரியன். தாலர் என்று பெயர். அந்தக் காலத்து ஜெர்மனியில் சில நகரங்கள் எந்தச் சிற்றரசனுக்கும் கட்டுப்படாமல், எங்கோ தூரத்தில் இருந்த பேரரசனுக்கு மட்டும் தலைவணங்கி, தங்கள் காசைத் தாங்களே அடித்துக்கொண்டன. கழுகு பேரரசனுக்கு. மறுபக்கம் ஊருக்கு.

"எங்க பக்கத்துலயும் அப்படித்தான். ஆற்காட்டு ரூபாயை யார் அடிச்சாலும் டெல்லி பாதுஷா பேரைத்தான் போடுவாங்க. அதுக்கான வெள்ளியும் உங்க பக்கத்துலேர்ந்து கப்பல்ல வந்ததுதான். இந்தக் காசு அந்தக் காலத்துல வந்திருந்தா உருக்கியிருப்பாங்க" என்று ஒருநாள் சொன்னேன்.

யூர்கன் காசை மூடிக்கொண்டு சிரித்தார். "அப்போ இது லேட்டா வந்தது நல்லது, வாத்யார்."

மல்லிகாவுக்கு அந்தக் காசைப் பார்த்தால் கை பரபரக்கும். "ஏன் ஜெர்மன்காரே, அத்தாம் பெரிய வெள்ளிக் காசு கரிச்சட்டி மாதிரி கெடக்குதே. இங்க குடுங்க. ஒரு சிட்டிகை விபூதி போட்டுத் தேச்சா கண்ணாடியாட்டம் ஆயிடும்."

"வேணாம் மல்லிகா. இப்படியே இருக்கட்டும்."

"இந்த மனுசனுக்கு எல்லாமே இப்படியே இருக்கட்டும்தான். சட்டை கிழிஞ்சா கூட இப்படியே இருக்கட்டும்."

இந்த உரையாடலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

போன மாசி மாதம் ஒரு காலையில் யூர்கன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் எழுதி வைத்திருந்தபடி இங்கேயே தகனம் நடந்தது. அவருடைய ஒரே மகள் பிர்கிட் முழங்கால் வலியால் நடக்க முடியாமல் இருந்ததால் வர இயலவில்லை. வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "அவருடைய துணி, புத்தகம் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எனக்கு அந்தக் காசு மட்டும் போதும்."

அதை நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. என் மகள் செல்வி அதே நியூரம்பெர்க்கில் பல வருடங்களாக வேலையில் இருக்கிறாள். 'வாங்கப்பா, வாங்கப்பா' என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம் குளிர், முழங்கால், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். ஒரு காசு கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய வியாழக்கிழமை விளக்கு துலக்கினேன். மனைவி போன பிறகு அது என் வேலை. பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. குங்குமச் சிமிழைத் தேய்த்து முடித்தபோது, பக்கத்தில் கைக்குட்டையில் சுற்றியிருந்த காசு கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் பாத்திரத்தைத் துலக்காமல் திருப்பிக் கொடுக்க மாட்டோம். அதுவும் இறந்தவருடைய பொருள், அவர் மகளுக்குப் போகிறது. கரி படிந்தபடி கொடுத்தால் என்னை என்ன நினைப்பாள்?

துணியில் கறுப்பு வந்தது. வர வர எனக்குச் சந்தோஷம். தேவாலயக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஜன்னல்கள்கூடத் தெரிந்தன. நாணயச்சாலையிலிருந்து அன்றைக்குத்தான் வந்ததுபோல் ஆனது. நண்பருக்குக் கடைசி மரியாதை செய்துவிட்ட நிறைவோடு, துணியை அலசி, அந்தத் தண்ணீரை வாசலில் இருந்த செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன்.

*

விமானத்தில் பக்கத்து இருக்கைப் பையன் வழி நெடுகத் தூங்கினான். நான் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

விமான நிலைய வாசலில் செல்வி நின்றிருந்தாள். அவள் கணவர் வேலை விஷயமாக வேறு ஊருக்குப் போயிருந்தார். "இளைச்சுட்டீங்கப்பா" என்றாள். அவள் தலையில் நரை விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் செய்து வைத்திருந்தாள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து தயிர் எடுத்தவள், ஒரு தட்டைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டே மூடினாள். அதில் முட்டைகள் இருந்தன. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. இருவரும் ரசத்தைப் பற்றிப் பேசினோம்.

மறுநாள் ஊர் பார்க்கப் போனோம். மே மாதம். வெயில் இருந்தது, சூடு இல்லை. சந்தையில் வெள்ளைத் தண்டுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். தோல் சீவிய முருங்கைக்காய் போல இருந்தன. அதை வாங்க ஒரு கூட்டம் நின்றது. "வருஷத்துல இந்தக் கொஞ்ச நாள்தான் கிடைக்குமாம்பா. நம்ம ஊர்ல மாம்பழத்துக்கு நிக்கற மாதிரி." உப்புக்கல் பதித்த ஒரு பெரிய பின்னல் ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். பார்க்க முறுக்கு, கடித்தால் பன். உப்பைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.

கோட்டைக்கு ஏறும் வழியில் திரும்பிப் பார்த்தேன். கூரைகள், இரட்டைக் கோபுரங்கள், மதில். காசில் பார்த்த ஊர் அப்படியே எதிரில் நின்றது. கையில் காசை எடுத்து ஒப்பிட்டேன். "அத்தனையும் போர்ல இடிஞ்சு திரும்பக் கட்டுனதுப்பா" என்றாள் செல்வி. அப்படியென்றால் பழைய ஊர் என் கையில்தான் இருந்தது. நம் ஊருக்கென்று ஒரு காசு அடித்திருந்தால் மலையும் கோபுரமும் போட்டிருப்பார்கள், மறுபக்கம் கழுகு இருக்கிற இடத்தில் யாருடைய பெயராவது வந்து வந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து அருங்காட்சியகத்துக்குப் போனோம். காசுகள் வைத்திருந்த அறையில் வேறு யாருமில்லை. கண்ணாடிக்குள் வரிசை வரிசையாகப் பழைய நகரங்கள். சாவிகள் பொறித்த ஒரு நகரம், பைன் மரக் காய் பொறித்த ஒரு நகரம், எங்கள் யூர்கனின் நியூரம்பெர்க். எல்லாம் கறுப்பு. சில நீலம் கலந்த கறுப்பு, சில அடிப்பிடித்த பால் நிறம். ஒன்றுகூடப் பளபளக்கவில்லை.

என் கையில் இருந்ததைப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளர்போல் இருந்தது.

பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன், பழம்பொருள் கிடைத்தால் தேய்க்காதே, கழுவாதே, அப்படியே கொண்டு வா என்று. அது கல்வெட்டுக்கும் பானை ஓட்டுக்கும் சொன்னது. வெள்ளி என்றதும் என் கை பூஜை அறைக் கையாகிவிட்டது.

கண்ணாடிக்கு முன்னால் காசும் கையுமாக நின்ற என்னைப் பார்த்துக் காவலர் வந்துவிட்டார். கட்டையான, வழுக்கைத் தலை மனிதர். "ஐயா, அது எங்களுடையதா?" என்று கேட்டாராம். செல்வி பதறிக்கொண்டு விளக்கினாள். அவர் குனிந்து பார்த்தார். சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

செல்வி தயங்கினாள். "எங்களுது இவ்ளோ பளபளன்னு இருக்காதுன்றாரு."

அன்று மாலை பிர்கிட் தொலைபேசியில் பேசினார். என்னை 'ஹெர் வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார். ஹெர் என்றால் அவர்கள் ஊர் 'திரு'. வாத்தியார்தான் என் பெயர் என்று நினைத்திருந்தார். "காசு பத்திரமாக இருக்கிறதா?" என்று கேட்டார். அப்படியே இருக்கிறது என்றேன். அதைச் சொன்னதற்கு எனக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

*

அடுத்த நாள் செல்வி வேலைக்குப் போனதும் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் ஒருவர், அவித்த முட்டையில் வெள்ளிக் கரண்டியைக் குத்திவைத்து அது கறுப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். அது நினைவுக்கு வந்தது. பிறந்ததிலிருந்து முட்டையைத் தொடாதவன் நான். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து இரண்டை எடுத்தேன். அது எத்தனை நேரம் வேக வேண்டும் என்று தெரியாது. உருளைக்கிழங்கு கணக்கில் வேகவிட்டேன். ஒன்று வெடித்தது. உரித்து, நசுக்கி, ஒரு டப்பாவில் காசோடு போட்டு மூடினேன். வீடெல்லாம் நாறியது. ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் நாற்றம். திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

செல்வி திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள். "என்னப்பா இது வாடை? சமையல்கட்டுல என்ன பண்றீங்க?" டப்பாவைத் திறந்தாள். "அப்பா... முட்டையா?"

அவள் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.

கல்லூரி விடுதியிலிருந்து ஒரு விடுமுறைக்கு வந்திருந்தபோது, அங்கே ஆம்லெட் சாப்பிட்டதாக அவள் சொன்னாள். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அந்த விடுமுறை முழுக்க அவளுக்குத் தனித்தட்டு போடவைத்தேன். பின்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் அம்மா அழுதாள், இவள் அழவில்லை. அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில் எதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னதில்லை. வேலை கிடைத்ததையும், கல்யாணம் செய்துகொள்ளப்போவதையும் முடிவான பிறகுதான் சொன்னாள்.

இப்போது அவளுடைய சமையல்கட்டில் முட்டை நாற்றத்தோடு நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். துலக்கியது, பிர்கிட்டிடம் பொய் சொன்னது, இந்த முட்டை. காசை எடுத்துக் கழுவினாள். அங்கங்கே பழுப்பும் நீலமுமாகத் தேமல் விழுந்ததுபோல் இருந்தது.

"அவங்களுக்குத் தெரியாதாப்பா? சின்ன வயசுலேர்ந்து பார்த்த காசு." துணியால் துடைத்து என் கையில் வைத்தாள். "செஞ்சதைச் சொல்லிடுங்க. இது மேல இன்னொரு பொய்யப் பூசாதீங்க."

"கோச்சுக்குவாங்களே."

"கோச்சுக்கட்டும். கோச்சுக்கறவங்க கூடத்தான் பேசித் தீர்க்க முடியும். ஒண்ணுமே சொல்லாதவங்க கூட என்ன பண்றது?" அவள் பிர்கிட்டைப் பற்றித்தான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

கொண்டுவந்திருந்த விபூதியில் கொஞ்சம் போட்டு, தேமலைத் தேய்த்து எடுத்தேன். எழுத்துகளின் பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கிவிட்டது. அதைக் குத்தி எடுக்க மனம் வரவில்லை.

*

பிர்கிட் இருப்பது நியூரம்பெர்க்குக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். செல்விக்கு விடுப்பு கிடைக்கவில்லை. என்னை ரயிலில் ஏற்றிவிட்டு, "பின்பக்கப் பெட்டியிலேயே இருங்கப்பா. பாதி வழியில வண்டியப் பிரிப்பாங்க" என்றாள். தலையாட்டினேன். அவள் போனதும், முன்பக்கம் கூட்டம் கம்மியாக இருக்கிறதே என்று நடந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எங்கே உட்கார்ந்தாலும் கீழ்பென்னாத்தூர்தானே போகும்.

ஒரு நிலையத்தில் வண்டி லேசாகக் குலுங்கியது. அதன் பிறகு மலைச்சரிவு, மாடுகள், சர்க்கரைப் பாகு தடவியதுபோல் மஞ்சள் வயல்கள். ரசித்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் பரிசோதகர் வந்து சீட்டைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்பக்கத்தைக் கைகாட்டினார். எழுந்து பின்னால் போய்ப் பார்த்தேன். பின்னால் பெட்டியே இல்லை. தண்டவாளம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர் இருக்கையில் கூடையோடு இருந்த கிழவி ஒருத்தி வயிறு குலுங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நிலையத்தில் என்னோடு அவளும் இறங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. பெஞ்சில் உட்காரவைத்து, எதிர்ப்பக்கம் வரவேண்டிய வண்டியின் நேரத்தை என் கைக்கடிகாரத்தில் தொட்டுக் காட்டினாள். கூடையிலிருந்து ஸ்ட்ராபெரிப் பழங்களை எடுத்து என் மடியில் கொட்டினாள். என்னை ஏற்றிவிடும்வரை அங்கேயே இருந்தாள். ஏறும்போது ஏதோ சொல்லி என் முதுகில் தட்டினாள். "இனிமேலாவது சொன்ன இடத்தில் உட்கார்" என்று இருக்க வேண்டும்.

வண்டி பிரிந்த நிலையத்துக்குத் திரும்பி, சரியான வண்டி பிடித்துப் போய் இறங்கியபோது பிர்கிட் கைத்தடியோடு நடைமேடையில் காத்திருந்தார். அறுபது வயதிருக்கும். யூர்கனின் அதே நீண்ட மூக்கு. "முன்பக்கப் பெட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பாவும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்வார். டிராம் ஓட்டியவர் இல்லையா, முன்னால் உட்கார்ந்தால்தான் அவருக்கு நிம்மதி."

சின்ன வீடு. பெரிய தோட்டம். எனக்காக மாமிசம் சேர்க்காமல் சமைத்திருந்தார். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, ஒவ்வொன்றும் பந்து அளவு. வெல்லப் பூரணம் இருக்க வேண்டிய இடத்தில் வறுத்த ரொட்டித் துண்டு. கூடவே ஒரு கிண்ணத்தில் ரசம். யூர்கன் அனுப்பிய ரசப்பொடியில் வைத்ததாம், மேலே பாலேடு ஊற்றியிருந்தார். "சரியாக இருக்கிறதா?" "யூர்கனுக்குப் பிடித்திருக்கும்" என்றேன். அவருக்கு எது வைத்தாலும் பிடிக்கும்.

சாப்பாட்டை முடிப்பதற்கு முன்பே பட்டுத் துணியில் சுற்றிய காசை மேசையில் வைத்தேன். பிரித்தார். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் கூரையில் ஒரு வட்டமாக ஆடியது.

இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எந்தக் காசு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்கள் அப்பாவுடையதுதான். நான்தான் துலக்கினேன். தொலைபேசியில் உங்களிடம் சொன்னது பொய். முட்டை வைத்துத் திரும்பக் கறுப்பாக்கவும் பார்த்தேன். அவர் பலமுறை வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டவன் நான். அழுக்காகத் தரக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் செய்துவிட்டேன்."

பிர்கிட் எழுந்து கைத்தடியை ஊன்றித் தோட்டத்துக்குப் போனார். துணி காயும் கொடியடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் தட்டில் கொழுக்கட்டை ஆறியது. இந்த வயதில் ஒரு வீட்டுக்குப் போய் அந்த வீட்டுப் பெண்ணை அழவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று இருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை. ரயில் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை. "அந்தக் கறுப்பு எங்கே போனது?"

கோபத்தில் கேட்கிறார் என்று புரிந்தாலும், எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். "துணியில் வந்தது. துணியை அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன்."

"என்ன செடி?"

"செம்பருத்தி. எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது."

"பூக்கிறதா?"

"தினமும் பூக்கிறது. நல்ல சிவப்பு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இரண்டும்தான் போலிருக்கிறது. பிறகு உட்கார்ந்து காசைக் கையில் எடுத்தார்.

"கோட்டைக்குக் கீழே, இதோ, இங்கே அப்பா பிறந்த தெரு. குண்டு விழுந்ததில் அந்தத் தெருவே போய்விட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தால் இந்தக் காசைக் கையில் கொடுத்துத் தூங்கவைப்பார். ஊர் முழுக்க இருட்டாக இருக்கும். அவர் விரல் பட்டுப் பட்டு இந்த ஒரு தெரு மட்டும் வெளுத்திருக்கும். அந்தத் தெருவில் மட்டும் விளக்கு எரிகிறது என்று நினைப்பேன். நான் இங்கே குடிவந்த பிறகும், அப்பா உங்கள் ஊருக்குப் போன பிறகும், அதைத்தான் நினைத்துக்கொள்வேன். அதைப் பார்க்கத்தான் கேட்டேன்." காசை வெளிச்சத்தில் திருப்பினார். "இப்போது ஊர் முழுக்க விளக்கு எரிகிறது. எது அவர் தெரு என்று தெரியவில்லை."

 

அவர் கட்டை விரல் காசின் மேல் மெதுவாக நகர்ந்தது. கோட்டைக்குக் கீழே நின்றது. கொஞ்சம் முன்னே போய்த் திரும்ப அங்கேயே வந்தது.

"உங்கள் விரலை இங்கே வையுங்கள்" என்றார்.

வைத்தேன். மற்ற கூரைகள் சொரசொரப்பாக இருந்தன. அந்த இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத பள்ளம். எந்த விபூதியாலும் அதைத் தொட முடியவில்லை.

"இந்த வெள்ளைப் பொடி என்ன?" எழுத்துகளுக்கு இடையில் இருந்ததைக் காட்டினார்.

"விபூதி. உங்கள் அப்பா தினமும் நெற்றியில் வைத்துக்கொண்டது."

"அப்படியென்றால் இருக்கட்டும்."

தேநீர் போட்டார். குடித்து முடித்ததும் காசைப் பட்டுத் துணியில் சுற்றி என் பக்கம் தள்ளினார். எனக்குப் புரியவில்லை.

"இங்கே இருந்தால் பீரோவில்தான் இருக்கும். எனக்கு எப்போதும் தோட்ட வேலை, கையில் உறை. இதைக் கறுப்பாக்க உங்கள் ஊர் வெயிலும் வியர்வையும் வேண்டும். அப்பா வைத்ததுபோல் சட்டைப் பையில் வையுங்கள். மலையைச் சுற்றும்போது எடுத்துக்கொண்டு போங்கள். விரல் அந்த இடத்தில் இருக்கட்டும். முழங்கால் அறுவை முடிந்து, குளிர்காலத்தில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். செடியையும் பார்க்க வேண்டும்."

"மறுபடியும் என்னை நம்பியா?"

"துலக்க மாட்டீர்கள் அல்லவா, ஹெர் வாத்தியார்?" யூர்கனின் மூக்கு சிரித்தது.

*

நிலையத்தில் செல்வி காத்திருந்தாள். "என்னப்பா ஆச்சு?" துணியைப் பிரித்துக் காட்டினேன். "அய்யோ, வாங்கிக்கலையா?"

"வாங்கிட்டாங்க. திரும்பக் குடுத்தாங்க."

டிராமில் போகும்போது முழுவதையும் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்னப் பிள்ளையில் திருவிழாக் கூட்டத்திலிருந்து திரும்பும்போது அப்படிச் சாய்வாள்.

அடுத்து வந்த ஞாயிறு. அவள் எழுவதற்கு முன்பே சமையல்கட்டுக்குப் போய் ஒரு முட்டையை அவித்தேன். இந்த முறை வெடிக்கவில்லை. உரித்து, நான் சாப்பிடுகிற தட்டிலேயே வைத்து, மேசையில் என் எதிரில் போட்டேன்.

"என்னப்பா இது?"

"இப்ப எனக்குத்தான் அவிக்கத் தெரியுமே. சாப்பிடு."

"உங்க தட்டுப்பா..."

"தெரியும். உக்காந்து சாப்பிடு. அன்னிக்கு உன்னைப் பின்கட்டுல உக்கார வச்சது தப்பு."

அவள் தலை குனிந்து உப்பையும் மிளகையும் தூவினாள். மெதுவாகச் சாப்பிட்டாள். பாதியில் நிமிர்ந்து, "ரொம்ப நேரம் வேகவிட்டுட்டீங்க, ரப்பராட்டம் இருக்குது" என்றாள். அது அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னது. எனக்கு அது போதும்.

*

ஊர் திரும்பியபோது அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் குறையவில்லை. சட்டைப் பை வியர்வையில் ஊறியது. முதல்முறையாக அதற்குச் சந்தோஷப்பட்டேன். பௌர்ணமியில் கூட்டத்தோடு மலையைச் சுற்றினேன். மற்ற நாட்களில் செங்கம் சாலை வழியாக முடிந்த அளவு நடந்தேன். விரல் தானாக அந்தப் பள்ளத்துக்குப் போகப் பழகிவிட்டது. வியாழக்கிழமைகளில் விளக்குத் துலக்கும் முன், காசை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறேன். என் கையை நான் நம்புவதில்லை.

ஆவணியில் கோபுரங்களின் ஓரம் லேசாகப் பழுப்பானது. பிறகு மதில். பிர்கிட்டுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அறுவை முடிந்து அவர் கைத்தடி இல்லாமல் நடக்கிறார். செம்பருத்தியைத் தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்வார். செல்வியும் அவரோடு மார்கழியில் வருகிறாளாம். ரயிலில் எந்தப் பெட்டியில் உட்காருவது என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

நேற்று மாலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மல்லிகா டீயை வைத்துவிட்டு நின்றாள்.

"என்னா வாத்யாரே, நீங்களும் அந்த ஜெர்மன்காரு மாதிரியே கட்ட வெரல போட்டு நோண்டிக்கினு கெடக்கறீங்க. ஜெர்மனிலேர்ந்து வந்தப்ப பளபளன்னு காட்டுனீங்க, இப்பப் பாரு, பழையபடி கருக்குது. குடுங்க, ஒரு சிட்டிகை விபூதி..."

"வேணாம் மல்லிகா. இப்படியே இருக்கட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து காசைப் பார்த்தாள்.

"ஊரெல்லாம் கருக்குது. இந்த எடம் மட்டும் ஏன் வெளுப்பாவே இருக்குது?"

"அந்தத் தெருவுல ஆள் இருக்காரு, மல்லிகா" என்றேன்.